மிசாவோ போடாத கையெழுத்து

1959, ஜூன் 8
காசநோய் சானடோரியம், மூன்றாம் வார்டு

அன்புள்ள தோமியே,

மலையில் மழைக்காலம் முன்கூட்டியே இறங்கிவிட்டது. துவைத்த துணி காயாமல் வார்டு முழுக்க ஈர நாற்றம். இந்த ஈரத்துக்கு உன் முட்டிவலி என்ன பாடு படுத்துகிறதோ. உன் வீட்டுக்காரர் யாசுஜி சுகமா? எனக்குச் சாயங்காலக் காய்ச்சல் குறைந்திருக்கிறது. இருமினால் மட்டும் விலா எலும்பு எடுத்த பக்கம் இழுத்துப் பிடிக்கிறது.

இங்கே ஒரு வேடிக்கை. நேற்று ஆபீஸிலிருந்து ஒரு பெண் வந்து, "ஆதாச்சி மிசாவோ யாரு?" என்று கேட்டாள். வார்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். கல்யாணத்துக்கு முந்தைய பெயரைக் கூப்பிட்டால் யாருக்கு உறைக்கும்? அப்புறம்தான், "குரோகி மிசாவோன்னு இருந்தவங்க நீங்கதானே?" என்றாள். உன் அத்தான் கென்சாகுவின் கம்பெனி வழியாக வந்த காப்பீட்டு அட்டை செல்லாது என்று திரும்பி வந்திருக்கிறதாம். நான் இப்போது குரோகி குடும்பத்தில் இல்லையாம்.

யாரோ குமாஸ்தா பெயரை மாற்றிப் பதிந்திருப்பான். கென்சாகுவுக்கு எழுதினேன், பதில் இல்லை. எங்கள் கயிற்றுப் பட்டறையில் அவருக்கும் யாசுஜிக்கும் கோடைக்கால வேலை நெரிக்கும் என்று தெரியும். நீ ஒரு நடை டவுன் ஆபீஸுக்குப் போய், எங்கள் குடும்பப் பதிவேட்டின் நகல் ஒன்று வாங்கி அனுப்பு.

ருரிகோ வசந்தத்துக்கு அப்புறம் படம் வரைந்து அனுப்பவில்லை. பள்ளிக்கூடம் சேர்ந்த பெருமையில் அம்மாவை மறந்துவிட்டாளா என்று கேள். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

மிசாவோ

•

1959, ஜூன் 29

அன்புள்ள அக்கா,

காய்ச்சல் குறைந்தது என்று படித்ததும் மனசு லேசானது. இங்கேயும் விடாத மழை. துறைமுகத் தெருவில் கணுக்கால் தண்ணீர். நாங்கள் இருவரும் சுகம். முட்டி அதன் பாட்டுக்கு வலிக்கிறது.

பதில் எழுதத் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. டவுன் ஆபீஸில் ஒரே கூட்டம். நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இவரும், "உடம்பு சரியில்லாதவங்களப் போயி இதெல்லாம் சொல்லித் தொந்தரவு பண்ணாத" என்றார். அட்டை விஷயம் தானாகச் சரியாகிவிடும், நீ அதையே நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

ருரிகோவைப் பள்ளிக்கூட வாசலில் பார்த்தேன். உயரமாகிவிட்டாள். முன்பல் இரண்டு விழுந்திருக்கின்றன.

உமேப் பழ ஊறுகாய் போட்டிருக்கிறேன், ஊறியதும் அனுப்புகிறேன். அடுத்த அறுவை சிகிச்சை எப்போது என்று டாக்டர் சொன்னாரா?

தோமியே

•

1959, ஜூலை 14

அன்புள்ள தோமியே,

வெயில் வந்துவிட்டது. உன் முட்டிக்கு இனி நல்ல காலம். எனக்குச் சுகம் என்று எழுத முடியவில்லை.

கூட்டத்தில் நீ சிரமப்பட வேண்டாம் என்று நானே டவுன் ஆபீஸுக்குத் தபாலில் எழுதிக் கேட்டேன். நகல் வந்துவிட்டது. அதில் உள்ளபடி எழுதுகிறேன். போன அக்டோபர் பதினேழாம் தேதி நானும் கென்சாகுவும் மனமொத்துப் பிரிந்துவிட்டோம். ஜனவரியில் அவர் நோபுயே என்ற பெண்ணை மணந்துகொண்டார். பிப்ரவரியில் அந்த நோபுயே என் மகளைத் தத்து எடுத்துக்கொண்டாள்.

போன அக்டோபர் நினைவிருக்கிறதா? என் விலா எலும்புகளை எடுத்துவிட்டு, மார்பின்மேல் மணல் மூட்டை வைத்துப் படுக்கப் போட்டிருந்தார்கள். எனக்கு ஸ்பூனில்தான் கஞ்சி ஊற்றினார்கள். பேனா பிடிக்கிற கையா அது?

இங்கே நோயாளிகளின் நலன் பார்க்கிற ஓனுமா அம்மாளிடம் நகலைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். நான், "இது போலிம்மா. நாளைக்கே டவுன் ஆபீஸுக்கு எழுதி அடிக்கச் சொல்றேன்" என்றேன்.

"போலின்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பதிவேட்டுக்குத் தெரியாதே" என்றார். "ரெண்டு பேரோட கையெழுத்தும் பெயர் முத்திரையும் இருந்தா வாங்கிப் பதிஞ்சிடுவாங்க. அது நெசமான்னு விசாரிக்கிறது அவங்க வேலை இல்ல. ஒருதடவை ஏறிட்டா அவங்களா ஒரு எழுத்தைக்கூட மாத்த மாட்டாங்க. கோர்ட்டு சொல்லணும்."

முதலில் குடும்ப நீதிமன்றமாம். இருவரையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். கென்சாகு ஒப்புக்கொண்டால் நீதிபதியே விசாரித்து உத்தரவு போடலாம். மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்து செல்லாது என்று வழக்கு. பொய்க் கையெழுத்துக்குப் போலீஸில் புகார் தனி.

எனக்கு ஒரு உதவி செய். அந்த விவாகரத்து மனு இப்போது சட்டத்துறைக் கிளை அலுவலகத்தில் இருக்கிறதாம். நான் இதோடு எழுதி வைத்திருக்கிற அதிகாரப் பத்திரத்தோடு போனால் காட்டுவார்கள். போய்ப் பார்த்து எழுது.

இன்னொன்று. உனக்குத் தெரியுமா, தோமியே? ஊர் சின்னது. உன் வீடும் பட்டறையும் ஒரே தெரு.

மிசாவோ

•

1959, ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்கா,

இந்த வெயிலில் உனக்கு மூச்சு எப்படி இருக்கிறது? சாப்பாடு இறங்குகிறதா? உன் கடிதத்தை நான் எத்தனை முறை மடித்துப் பிரித்தேன் என்று கேட்காதே.

தெரியும். நோபுயே அந்த வீட்டில் இருப்பது தெரியும். ஆனால் அக்கா, நீயே கேட்டுக்கொண்டு பிரிந்தாய் என்றுதான் நினைத்திருந்தேன். அத்தான் தெருவில் எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னார். "மிசாவோ பெரிய மனசுக்காரி. 'நான் பொழைக்கிறது நிச்சயமில்ல, புள்ளைக்கு ஒரு அம்மா வேணும், என்னைய விட்டுடுங்க'ன்னு அவளே அழுதா. நான் என்ன பண்ணட்டும்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊரே அவரைப் பார்த்து உச்சுக் கொட்டியது. உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாததால், பேசப் பிடிக்காமல் இருக்கிறாய் என்று நானும் பேசவில்லை. ஜூனில் உன் கடிதம் வந்தபோதுதான் உனக்கு ஒன்றுமே தெரியாது என்று எனக்கு விளங்கியது. டவுன் ஆபீஸ் பக்கம் நான் போகவே இல்லை. பயந்துவிட்டேன்.

நேற்று சட்டத்துறை அலுவலகத்துக்குப் போனேன். மனுவை ஒரு பெரியவர் எடுத்து வந்து, பக்கத்திலேயே நின்றுகொண்டு காட்டினார். பென்சிலால் பார்த்து எழுதிக்கொண்டேன். உன் பெயர் இருக்கிறது. எழுத்து உன்னுடையது இல்லை. நீ கடைசிக் கோட்டை எப்போதும் ஒரு இழு இழுப்பாயே, அது இல்லை. எல்லா எழுத்தும் சதுரமாக, கணக்குப்பிள்ளை எழுத்து மாதிரி. ஆனால் பெயர் முத்திரை உன்னுடையதுதான். அலமாரியின் சின்ன இழுப்பறையில் வைத்திருந்தாயே, விளிம்பு உடைந்தது. ருரிகோவின் பொறுப்பு அப்பாவுக்கு என்று எழுதியிருக்கிறது. எழுதிய தேதி அக்டோபர் பதினைந்து.

நான் பார்த்தது இவ்வளவுதான். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்களா?

தோமியே

•

1959, ஆகஸ்ட் 12

அன்புள்ள தோமியே,

முன்னோர் பண்டிகைக்கு அம்மா அப்பா கல்லறையைக் கழுவிவிட்டு என் பங்குக்கும் ஒரு ஊதுவத்தி கொளுத்து. எனக்கு மூச்சு பரவாயில்லை. நாள் இன்னும் குறிக்கவில்லை, டாக்டருக்கு வேலை அதிகம்.

உன்மேல் கோபமில்லை. கென்சாகு கண்ணைத் துடைத்தால் நானே நம்பியிருப்பேன். குடும்ப நீதிமன்றத்தில் ஓனுமா அம்மாள் மூலம் மனு போட்டாகிவிட்டது.

வார்டில் பக்கத்துக் கட்டில்காரி கேட்டாள்: "போறான்னு விட வேண்டியதுதானே? அந்த ஆள் உனக்குத் திரும்ப வேணுமா?" வேண்டாம், தோமியே. அவர் எனக்கு வேண்டாம். ஆனால் ருரிகோ பெரியவளாகி, வேலைக்கோ கல்யாணத்துக்கோ தன் பதிவேட்டு நகலை வாங்குவாள். தனக்கு ஐந்து வயதில் அம்மா மனமொப்பித் தன்னைக் கொடுத்துவிட்டுப் போனாள் என்று அதில் படிப்பாள். அரசாங்க முத்திரையோடு படிப்பாள். நான் எழும்பிப்போய் 'இல்லை' என்று சொல்ல அப்போது இருப்பேனா?

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். இரண்டு சாட்சிகளின் பெயரும் முத்திரையும் இல்லாமல் விவாகரத்து மனுவை வாங்கவே மாட்டார்கள் என்கிறார் ஓனுமா அம்மாள். நீ எல்லாம் பார்த்து எழுதியிருக்கிறாய். சாட்சிகள் யார்?

மிசாவோ

•

1959, செப்டம்பர் 24

அன்புள்ள தோமியே,

பதில் வரவில்லை. புயலில் தபால் தாமதமா, உனக்கு உடம்புக்கு ஏதாவதா? ஒரு வரி எழுது.

நேற்று முன்தினம் கென்சாகு வந்தார். ருரிகோவோடு. குழந்தைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள் என்பதால் தோட்டத்துப் பெஞ்சில் சந்தித்தோம். ஒன்றரை வருஷம் கழித்து என் மகளைப் பார்க்கிறேன். புதுச் சட்டை, தலையில் ரிப்பன். நான் முகமூடி போட்டுக்கொண்டு எட்ட உட்கார்ந்தேன். அவள் குனிந்து கும்பிட்டு, "அத்தை, உடம்பு எப்படி இருக்கு?" என்றாள். மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிற குரல்.

அவளைத் தும்பி பிடிக்க அனுப்பிவிட்டு அவர் ஒரு காகிதத்தை எடுத்தார்.

"எதுக்கு இந்தக் கோர்ட்டு கீர்ட்டு எல்லாம்? படுத்திருக்கிற உடம்பு. போன வருஷம் நடந்ததுக்கு எனக்கு ஆட்சேபணை இல்லேன்னு ஒரு வரி. கையெழுத்துப் போடு. மாசாமாசம் ருரிகோவக் கூட்டிட்டு வரேன்."

"போடலேன்னா?"

"பள்ளிக்கூடம் இருக்கு, படிப்பு இருக்கு. சும்மா சும்மா மலையேற முடியுமா?"

"என் பேரை யாருங்க எழுதினது?"

"யாரு எழுதினா என்ன மிசாவோ? நீ எழுதியிருப்பே. கேட்டிருந்தா எழுதியிருப்பேதானே? உன் மனசு எனக்குத் தெரியாதா?"

பேனா என் கையில் இருந்தது. அவர்தான் திணித்தார். ருரிகோ ஒரு தும்பியின் பின்னால் வேலி வரை ஓடினாள். ஓனுமா அம்மாள் சொன்னது நினைவுக்கு வந்தது: "பொய்யாப் போட்ட கையெழுத்துக்குப் பின்னாடி நீங்க மெய்யா ஒண்ணு போட்டுட்டீங்கன்னா, பொய்யும் மெய்யாயிடும். அப்புறம் எந்தக் கோர்ட்டும் ஒண்ணும் பண்ண முடியாது." பேனாவைப் பெஞ்சில் வைத்தேன். அவர் ருரிகோவைக் கூப்பிட்டார், போய்விட்டார்கள். தும்பி அவள் கையில் இருந்தது. காட்டக்கூட நேரம் கொடுக்கவில்லை.

சாட்சிகள் யார், தோமியே?

மிசாவோ

•

1959, அக்டோபர் 20

அன்புள்ள அக்கா,

மலையில் குளிர் ஆரம்பித்திருக்கும். கம்பளிச் சட்டை ஒன்று பின்னி அனுப்பியிருக்கிறேன், தோள் பக்கம் தளர்த்தியாக விட்டிருக்கிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. தபாலும் தாமதமில்லை.

ஒரு சாட்சி அத்தானின் பெரியப்பா. அவர் வசந்தத்தில் இறந்துவிட்டார். இன்னொருவர் இவர்தான். யாசுஜி.

அந்த அலுவலகத்தில் அந்தப் பெயரைப் பார்த்ததும் பென்சிலைக் கீழே போட்டுவிட்டேன். அந்தப் பெரியவர் எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து சோறு பரிமாறி, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்துக் கேட்டேன்.

"அக்காவோட விவாகரத்துப் பேப்பர்ல சாட்சி நீங்களா?"

"முதலாளி நீட்டினாரு, போட்டேன்."

"அக்காவக் கேட்டீங்களா?"

"அவங்க பேரு அதுல எழுதல. அந்த எடம் காலியா இருந்துச்சு. 'அவ சம்மதிச்சிட்டா, மலைக்குப் போயி எழுதி வாங்கிக்கறேன், நீ முன்னாடி போடு'ன்னாரு. அவரு சம்பளம், அவரு வீடு. நான் என்ன பேசுறது?"

"அப்புறம் அக்காவப் பாக்கும்போது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நீ கேட்டியா?"

கிண்ணங்களை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன், அக்கா. அன்றிலிருந்து நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. இவரையும் போலீஸ் பிடிக்குமா? இரவும் பகலும் அதுவே ஓடுகிறது. உன்னிடம் கேட்கவும் வெட்கமாக இருக்கிறது.

அறுவை சிகிச்சை என்னவாயிற்று என்று நீ எழுதவே இல்லையே.

தோமியே

•

1959, நவம்பர் 30

தோமியே,

கம்பளிச் சட்டை சரியாக இருக்கிறது. இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. நீங்கள் இருவரும் நலமாக இருங்கள்.

குடும்ப நீதிமன்றத்தில் கென்சாகு முதல் தவணைக்கு வரவில்லை. இரண்டாவது தவணைக்கு வந்து, நானே வாயால் சம்மதித்ததாகவும் என் சொல்படியே தான் என் பெயரை எழுதியதாகவும் சாதித்துவிட்டார். பேச்சு முறிந்தது. இலவச சட்ட உதவியில் சுகினோ என்ற வக்கீல் கிடைத்திருக்கிறார், சின்ன வயது, எப்போதும் மூக்கை உறிஞ்சுகிறார். மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாகிவிட்டது.

வக்கீல் ஒன்று சொன்னார். சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, நான் வற்புறுத்திக் கேட்டேன். இது என் உயிரோடு ஒட்டிய வழக்காம். தீர்ப்பு உறுதியாகும் முன் நான் இறந்தால் வழக்கும் அதோடு சரி. என் இடத்தில் நின்று நடத்த யாருக்கும் உரிமை இல்லை. பதிவேட்டில் இருப்பது இருந்தபடியே நிற்கும். கென்சாகு ஏன் தவணைமேல் தவணை கேட்கிறார் என்று அப்போது புரிந்தது. நான் சாகக் காத்திருக்கிறார்.

நீதிபதி இங்கேயே வந்து, முகமூடி போட்டுக்கொண்டு, கட்டிலருகே உட்கார்ந்து என் வாக்குமூலம் வாங்கினார். மருத்துவக் குறிப்புகளையும் எடுத்துக்கொண்டார். ஆனால் கை எழுத முடியாவிட்டாலும் வாய் சம்மதித்திருக்கலாமே என்று கென்சாகு தரப்பு வக்கீல் கேட்கிறார். சம்மதிக்கவில்லை என்பதற்கு என் சொல் மட்டும்தான் இருக்கிறது.

மனுவில் என் பெயர் எழுதும் முன்பே சாட்சி வாங்கினார் என்று சொல்லக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான். நான் அவரைக் கேட்கவில்லை. உன்னையும் கேட்கவில்லை. இப்படி நடந்தது என்று தெரிவிக்கிறேன், அவ்வளவுதான்.

டாக்டர் நலம். குளிர் போகட்டும் என்கிறார்.

மிசாவோ

•

1960, மார்ச் 9

அன்புள்ள அக்கா,

புது வருஷத்துக்கு ஒரு வாழ்த்துகூட எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. குளிரை எப்படித் தாண்டினாய்? காய்ச்சல் உண்டா? வக்கீல் சொல்வதற்கு முன் நான் சொல்ல வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன்.

ஜனவரியில் நோபுயே எங்கள் வீட்டுக்கு வந்தாள். மாசமாக இருக்கிறாள். வாசலிலேயே நின்றுகொண்டு, "என்னைய ஊரு திருடிங்கிற மாதிரி பாக்குது. நான் என்ன திருடுனேன்? பேப்பர்ல பொண்டாட்டி இல்லேன்னு பாத்துட்டுத்தானே கழுத்த நீட்டினேன்? அவங்க ஒத்துக்கிட்டுத்தானே போனாங்க? சொல்லுங்க" என்று அழுதாள். நான் இவரைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒத்துக்கல" என்றார். அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொடுத்து, கைத்தாங்கலாகத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டேன்.

அதற்குப் பிறகு இவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. பிப்ரவரியில் ஒரு காலை, நல்ல கோட்டை எடுத்து வை என்றார். எங்கே என்றேன். "வக்கீலப் பாக்க. உங்க அத்தானோட வக்கீல இல்ல" என்றார்.

நேற்று மாவட்ட நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். நானும் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அத்தான் முன் வரிசையில், கழுத்தைத் திருப்பாமல்.

அத்தானின் வக்கீல் கேட்டார்: "நீங்க சாட்சியா முத்திரை போட்டீங்க. அப்போ உண்மைன்னு நம்பித்தானே போட்டீங்க?"

"நம்பல."

"நம்பாம எதுக்குப் போட்டீங்க?"

"பயந்து போட்டேன்."

"இப்ப பயம் போயிடுச்சா?"

"இல்லைங்க. இப்பவும் பயமாத்தான் இருக்கு."

யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்ததா என்று அவரே மறுபடி கேட்டார். காலியாக இருந்தது, முத்திரை மட்டும் அப்போதே விழுந்திருந்தது, மை காயாமல் இருந்தது என்றார் இவர். எனக்கே அது தெரியாது, அக்கா. உன் பெயரை எழுதும் முன்பே உன் முத்திரையைக் குத்திவிட்டிருக்கிறார்கள்.

இன்று காலை பட்டறைக்குப் போனார். வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

குளிர் போய்விட்டதே. அறுவை சிகிச்சை எப்போது? இந்த முறை மழுப்பாமல் எழுது.

தோமியே

•

1960, மே 17

அன்புள்ள தோமியே,

மலையில் இப்போதுதான் தளிர். யாசுஜிக்கு வேலை கிடைத்ததா? இனி எங்கே தங்கப் போகிறீர்கள்? சாப்பாட்டுக்குக் குறைவில்லையே? எழுத்து கோணலாக இருக்கும், படுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

வென்றுவிட்டேன். அந்த விவாகரத்து செல்லாது. நான் போடாத கையெழுத்து, நான் கொடுக்காத சம்மதம் என்று தீர்ப்பில் எழுதியிருக்கிறார்கள். மேல்முறையீட்டுக் கெடுவும் நேற்றோடு முடிந்தது, அவர் செய்யவில்லை. சுகினோ வக்கீல் மலையேறி வந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். வார்டே கை தட்டியது. எனக்கு இருமல் வந்து எல்லோரையும் பயமுறுத்திவிட்டேன்.

தீர்ப்பு வந்தாலும் பதிவேடு தானாக மாறாதாம். ஒரு மாதத்துக்குள் தீர்ப்பின் நகலையும் அது உறுதியான சான்றையும் இணைத்து டவுன் ஆபீஸில் திருத்த மனு கொடுக்க வேண்டும். எல்லாம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். இந்த முறை கூட்டம் இருந்தாலும் நின்று கொடுத்துவிட்டு வா.

யாசுஜியிடம் சொல். அவர் சொன்ன 'பயந்து போட்டேன்' தீர்ப்பில் அப்படியே இருக்கிறது. சாட்சியின் சொல் நம்பத்தக்கது என்று அதன் கீழே எழுதியிருக்கிறார்கள்.

மிசாவோ

•

1960, ஜூன் 13

அன்புள்ள அக்கா,

நாங்கள் ஆமாகாசாகிக்கு வந்துவிட்டோம். இவருக்கு ஒரு இரும்பு ஆலையில் தினக்கூலி. புகையில் வானமே தெரியாது, ஆனால் இருவரும் சுகம். உன் எழுத்தைப் பார்த்தால் நீ சுகமாக இருப்பதாகத் தெரியவில்லை.

கிளம்பும் முன் டவுன் ஆபீஸில் மனுவைக் கொடுத்து, திருத்தம் ஏறியதும் நகல் வாங்கிவிட்டேன். இதோடு வைத்திருக்கிறேன். விவாகரத்து வரியின்மேல் கோடு இழுத்து, தீர்ப்பினால் நீக்கப்பட்டது என்று எழுதி, உன்னை மறுபடி மனைவியின் இடத்தில் ஏற்றியிருக்கிறார்கள். நோபுயே பெயரும் இருக்கிறது. அந்தக் கல்யாணத்தை ரத்து செய்யத் தனி வழக்காம், தத்துக்கும் தனியாம்.

வெளியே வந்தால் அத்தான் நிற்கிறார். "ரெண்டு பொண்டாட்டிக்காரன்னு ஊரு சிரிக்குது. இப்பத் திருப்திதானே உங்க அக்காவுக்கு? ஒழுங்கா ஒரு விவாகரத்துக் குடுக்கச் சொல்லு. போலீஸ் கீலீஸுன்னு போனா உன் புருஷனும்தான் உள்ள போவான், ஞாபகம் வெச்சுக்க" என்றார். நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அதைப் பற்றி உன்னிடம் கேட்க எனக்கு வாயில்லை.

மழைக்கு முன் அறுவை சிகிச்சை முடிந்துவிடும் என்று நினைத்தேன். என்ன நடக்கிறது, அக்கா?

தோமியே

•

1960, ஜூலை 5

அன்புள்ள தோமியே,

ஆமாகாசாகிப் புகைக்கு ஈரத் துணியால் மூக்கைக் கட்டிக்கொள்ளச் சொல் யாசுஜியை. உன் முட்டி எப்படி? கேட்டதற்கெல்லாம் பதில் எழுதுகிறேன்.

அறுவை சிகிச்சைக்குப் போன நவம்பரிலேயே நாள் குறித்தார்கள். தீர்ப்பு உறுதியாகும்வரை தள்ளி வையுங்கள் என்று நான்தான் கேட்டேன். மேசையிலேயே போய்விட்டால் வழக்கும் போயிற்றே. டாக்டர் கத்தினார்: "நுரையீரல் உனக்காகத் தவணை குடுக்காதும்மா!" கொடுக்கவில்லைதான். போன மாதம் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார்கள். மறுபக்கமும் பிடித்துவிட்டது. இனி கத்தி வைக்க இடமில்லை என்கிறார். இலையுதிர் காலம் வரை என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். முன்னாலேயே சொல்லியிருந்தால் நீ வழக்கை விடச் சொல்லி அழுதிருப்பாய், நானும் விட்டிருப்பேன்.

போலீஸ் புகாரை ஓனுமா அம்மாள் எழுதியே வைத்திருந்தார். வேண்டாம் என்று வாங்கிக் கிழித்துப் போட்டேன். என் உடம்பு விசாரணைக்குத் தாங்காது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே நினைத்துக்கொள்.

கென்சாகுவுக்கு விவாகரத்து கொடுக்கமாட்டேன். கொஞ்ச நாள் பொறுத்தால் அவருக்கு எந்தக் காகிதமும் தேவைப்படாது. நோபுயேமேல் வழக்குப் போடமாட்டேன். தத்தையும் அப்படியே விடுகிறேன். எனக்குப் பின் ருரிகோவுக்குச் சோறு போட, தலை வார ஒருத்தி வேண்டும். இதை என் கையால் எழுதி நோபுயேவுக்கு அனுப்பினேன், அவருக்கு அல்ல.

அதற்குப் பதில் எழுதாமல் ஞாயிறன்று நோபுயேவே வந்தாள், வயிற்றைத் தூக்கிக்கொண்டு, ருரிகோவின் கையைப் பிடித்துக்கொண்டு. என்னைப் பார்த்துத் தரை தொட வணங்கினாள். எங்களைத் தனியாக விட்டுவிட்டு வேலிக்கு வெளியே போய் நின்றாள். என்னைத் தோட்டத்துக்குத் தூக்கி வந்து சாய்வு நாற்காலியில் கிடத்தியிருந்தார்கள்.

ருரிகோ என் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றினாள். அப்புறம் கேட்டாள்: "நீங்கதான் என்னோட முதல் அம்மாவா?"

"ஆமா."

"நீங்களே போறேன்னு எழுதிக் குடுத்தீங்கன்னு அப்பா சொன்னாரு."

"நான் எழுதல ருரிகோ. கோர்ட்டும் அதத்தான் சொல்லியிருக்கு."

"அப்ப யாரு எழுதினா?"

அந்த வீட்டுக்குத்தான் அவள் திரும்பிப் போக வேண்டும். அந்த மனிதரின் சோற்றைத்தான் தின்ன வேண்டும். நான் சொல்லவில்லை. "பெரியவளாயிட்டு உன் தோமியே சித்தியக் கேளு. அவ சொல்லுவா" என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

வருவாள், தோமியே. எத்தனை வருஷம் ஆனாலும் பதிவேட்டு நகலைக் கையில் வைத்துக்கொண்டு உன் வாசலுக்கு வருவாள். யார் எழுதினார், யார் முத்திரை குத்தினார், யார் சாட்சி போட்டார், யாருக்குத் தெரிந்திருந்தது, எல்லாவற்றையும் சொல். உன்னைப் பற்றியும் என்னைப் பற்றியும் சொல். அன்றைக்கு முட்டிவலி, மழை என்று எதையும் பேசாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

குரோகி மிசாவோ